12 வயசு நாய்க்கு இவ்ளோ வைத்தியம் தேவையான்னு கேக்கறாங்க, நான் என்ன பண்ண?

இந்த தடவை வந்த கடிதம் எட்டு பக்கம். நடுவுல நடுவுல நேரம் போட்டு எழுதியிருக்காங்க, ராத்திரி 1.40, அப்புறம் 3.15, அப்புறம் 4.50. தூங்காம எழுதினதுன்னு படிக்கும்போதே தெரியுது. பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்காங்க, அதனால நாயோட பேரையும் மாத்தி மணின்னு வச்சுக்கறேன்.

விஷயம் இதுதான். மணி ஆண் நாய், கலப்பு இனம், 12 வயசு முடிஞ்சிருச்சு. நல்லா இருந்தப்ப 22 கிலோ, இப்ப 17.5. ஒரு நாள் காலைல மூக்குல இருந்து சொட்டு சொட்டா ரத்தம், ரெண்டே நாள்ல சாப்பாட்டை நிறுத்திட்டான். டெஸ்ட் எடுத்ததுல உண்ணிக் காய்ச்சல், அதுல எர்லிக்கியா வகை. பிளேட்லெட் 18,000 தான், பிசிவின்னு ரிப்போர்ட்ல போடுவாங்களே, சிவப்பணு அளவு, அது 17. ஆறு நாள் ஆஸ்பத்திரில வச்சு ட்ரிப்ஸ், ஒரு தடவை ரத்தம் ஏத்தினாங்க. வீட்டுக்கு வந்து 9 நாள் ஆச்சு. டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் ப்ரெட்னிசலோன் ஸ்டீராய்டும் ஓடிட்டு இருக்கு. கடைசி ரிப்போர்ட்ல பிளேட்லெட் 1,42,000, பிசிவி 27.

ஆனா மணி சரியா சாப்பிடல. சிரிஞ்சுல பால் 30 மில்லி, நாளைக்கு நாலு தடவை ஊத்தறாங்க. பின்னங்கால் ரெண்டும் தள்ளாடுது, டைல்ஸ் தரையில சறுக்கி விழறான். ராத்திரி முழுக்க ஒண்ணுக்கு போறான்னு சாயங்காலத்துக்கு மேல தண்ணி பாத்திரத்தை எடுத்து வச்சிடறாங்க. ரத்தம் ஊறணும்னு அவங்க அம்மா ஈரல் சூப் வச்சுத் தர்றாங்க, வெங்காயம் பூண்டு போட்டு. இரும்புச் சத்து சிரப்பும் உண்டு. எழுந்திருக்கும்போது கத்தறான்னு அண்ணன் தான் போடற மூட்டுவலி மாத்திரையில பாதிய ரெண்டு தடவை குடுத்திருக்காரு. வேற லேப்ல திரும்ப டெஸ்ட் எடுத்தா இன்னும் பாசிட்டிவ்னே வருது. சொந்தக்காரங்க எல்லாம் "வயசாயிடுச்சு, ஏன் சித்திரவதை பண்றே, ஒரு ஊசியப் போட்டு தூங்க வச்சிடு"ன்னு சொல்றாங்க. நடுவுல ரெண்டு மாசம் உண்ணி மருந்து போட மறந்துட்டேன், என்னாலதான் இவ்ளோவும்னு பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்காங்க.

கடிதம் எழுதின அம்மா, உங்க கேள்விக்கெல்லாம் வர்றேன். ஆனா நீங்க கேள்வியாவே கேக்காத ஒண்ணு இருக்கு, அஞ்சாவது பக்கத்துல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, "மலம் ரெண்டு நாளா கறுப்பா போகுது, இரும்பு சிரப்பாலன்னு நினைக்கறேன்". அந்த வரியப் படிச்சதும் மத்ததெல்லாம் அப்புறம்னு உங்களுக்கு அன்னைக்கே தனியா பதில் அனுப்பிட்டேன், நீங்களும் மணிய அன்னைக்கே தூக்கிட்டுப் போயிட்டீங்க. இதே நிலைமையில இருக்கற மத்தவங்களுக்காக அதை இங்கயும் எழுதறேன்.

அந்தக் கறுப்பு மலம்

மனுஷங்க போடற வலி மாத்திரை, டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென் மாதிரி எதுவுமே நாய்க்கு ஆகாது. பாதி குடுத்தோம், கால்வாசி குடுத்தோம்னு கணக்கே இல்ல. வயித்துல புண் போடும், கிட்னிய அடிக்கும். அதுலயும் மணி ஸ்டீராய்டுல இருக்கான். ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் ஒண்ணா சேர்ந்தா வயித்துப்புண் வர்ற ஆபத்து ரொம்ப அதிகம், சில நேரம் குடல்ல ஓட்டையே விழும். இதுக்கு மேல பிளேட்லெட் வேற குறைவா இருந்த உடம்பு, ரத்தம் கசிய ஆரம்பிச்சா சட்டுனு நிக்காது.

இரும்பு மருந்தாலயும் மலம் கறுக்கும், நீங்க நினைச்சது தப்பில்ல, அதுதான் இதுல வம்பே. ரத்தம் கலந்த மலம் தார் மாதிரி பிசுபிசுன்னு ஒட்டும், நாத்தமும் வேற மாதிரி இருக்கும், நனைச்ச வெள்ளை டிஷ்யூ மேல கொஞ்சம் வச்சா ஓரத்துல செம்பழுப்பா கசியும். ஆனா வீட்டுல இதைப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு இருந்துடாதீங்க. வலி மாத்திரை குடுத்த நாய்க்கு கறுப்பா போச்சுன்னா டாக்டர்கிட்ட போகணும், எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எப்ப குடுத்தோம்னு மறைக்காம சொல்லணும். அண்ணன் மேல கோவப்படாதீங்க, வலியப் பாத்து பொறுக்க முடியாமதான் குடுத்திருக்காரு. இனிமே மாத்திரை டப்பாவ அவர் கைல குடுக்காம துண்டு ஒண்ணக் குடுங்க, எதுக்குன்னு கீழ சொல்றேன்.

இரும்பு சிரப்பையும் நிறுத்துங்க. உங்க டாக்டர் எழுதினதா கடிதத்துல இல்ல, யாரோ சொன்னாங்கன்னுதான் இருக்கு. மணிக்கு ரத்தம் குறைஞ்சது இரும்பு பத்தாம இல்ல, மூக்கு வழியா ரத்தம் போச்சு, போதாததுக்கு அவன் உடம்பே அவன் ரத்த அணுக்களை அழிச்சுது, உற்பத்தியும் மட்டுப்பட்டுச்சு. தேவைப்பட்டா டாக்டரே எழுதித் தருவாரு.

அம்மாவோட சூப்

இதைச் சொல்ல சங்கடமாத்தான் இருக்கு, ஏன்னா அம்மா அக்கறையா அடுப்புகிட்ட நின்னு செஞ்சது. ஆனா வெங்காயமும் பூண்டும் நாயோட சிவப்பணுவ உடைக்கற பொருள். வேகவச்சாலும் போகாது, வடிகட்டினாலும் போகாது, பொடியாக்கினா இன்னும் அடர்த்திதான். குடிச்ச அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, சில நாள் கழிச்சுதான் ஈறு வெளுக்கும், ஒண்ணுக்கு கருஞ்சிவப்பா வரும். ரத்தம் ஊறணும்னு செய்யற சூப் இருக்கற ரத்தத்தைக் கரைக்குது. அம்மாகிட்ட சூப்பே வேண்டாம்னு சொல்லாதீங்க, வெங்காயம், பூண்டு, உப்பு, மசாலா இல்லாம வெறும் கோழிய வேகவச்ச தண்ணி செய்யச் சொல்லுங்க, அதுக்கு மணிகிட்ட நல்ல வேலை இருக்கு.

அவன் ஏன் சாப்பிட மாட்டேங்கறான்

எனக்கு உங்க கடிதத்துல ரொம்ப உறுத்தினது இதுதான். ஸ்டீராய்டு போடற நாய் பொதுவா அகோரப் பசியில இருக்கும், குப்பைத்தொட்டிய உருட்டும், தட்ட நக்கியே தேய்ச்சுடும். ஸ்டீராய்டு ஓடியும் ஒரு நாய் சாப்பாட்டைப் பாத்து மூஞ்சத் திருப்புதுன்னா அது அடம் இல்ல, வயசும் இல்ல. குமட்டல், இல்லன்னா எங்கயோ புண், இல்லன்னா சாப்பாட்டு மேலயே ஒரு வெறுப்பு வந்துருச்சு. மணிக்கு மூணுமே இருக்கலாம்னு நினைக்கறேன்.

டாக்ஸிசைக்ளின் வெறும் வயித்துல போனா நல்லாவே குமட்டும். மாத்திரை தொண்டைக்குக் கீழ உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டா அந்த இடத்தையே புண்ணாக்கிடும், அப்புறம் ஒவ்வொரு வாய் முழுங்கும்போதும் எரியும். அதனால கொஞ்சமாவது சாப்பிட்ட பிறகு மாத்திரை, மாத்திரை போட்ட உடனே சிரிஞ்சுல 5, 10 மில்லி தண்ணி. பாலோட குடுக்காதீங்க, பால்ல இருக்கற கால்சியம் இந்த மருந்தப் பிடிச்சு வச்சுக்கிட்டு உடம்புக்குள்ள சரியா சேர விடாது.

நாளைக்கு உக்காந்து பாருங்க, கிண்ணத்தைக் கொண்டு போய் வைக்கும்போது மணி என்ன பண்றான்னு. உதட்ட உதட்ட நக்கறானா, எச்சில் ஊறுதா, ஒண்ணும் வாய்ல இல்லாமலே முழுங்கறானா, மோந்துட்டு மூக்க மட்டும் பக்கவாட்டுல திருப்பிக்கறானா? இதெல்லாம் குமட்டலோட அடையாளம். பசிக்கல, இஷ்டமில்லன்னு நாம நினைச்சுக்கறோம், அவனுக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்கும். இதுக்கு மருந்து இருக்கு, குமட்டலை நிறுத்த மாரோபிட்டன்ட், பசிய தூண்ட மிர்டாஸபின், கேப்ரோமோரலின், இந்த மாதிரி. உங்க டாக்டர்கிட்ட "இவன் ஸ்டீராய்டுலயும் சாப்பிடல, குமட்டல் மாதிரி தெரியுது"ன்னு இந்த வார்த்தையிலயே சொல்லுங்க. சும்மா "சாப்பிடல டாக்டர்"னு சொன்னா எங்களை மாதிரி டாக்டருங்களுக்கு நாள் முழுக்க கேக்கற நாப்பது பேச்சுல அதுவும் ஒண்ணாப் போயிடும், உண்மையச் சொல்றேன்.

இப்ப பால் கணக்கு. 17.5 கிலோ நாய் சும்மா படுத்திருக்கவே நாளைக்கு சுமார் 600 கலோரி வேணும் (எடைய 30ஆல பெருக்கி 70 கூட்டிக்குங்க, நடுத்தர சைஸ் நாய்க்கு ஓரளவு சரியா வரும்). நீங்க குடுக்கற 120 மில்லி பால்ல அதிகம் போனா 75, 80 கலோரி. எட்டுல ஒரு பங்கு. நாலு வேளை அவனோட மல்லுக்கட்டி, அவன் வாயப் பிடிச்சு, ரெண்டு பேரும் நனைஞ்சு, அழுது, கடைசியில உள்ள போனது அவ்ளோதான். சிரமம் மலையளவு, பலன் கடுகளவு.

இன்னொண்ணு. படுக்க வச்சு வாய்ல ஊத்தறதா எழுதியிருக்கீங்க. வேண்டவே வேண்டாம். நான் வேலைக்கு வந்த புதுசுல ஒரு கிழட்டு நாய்க்கு இப்படித்தான் படுத்த வாக்குல கஞ்சி ஊத்தினேன், அடுத்த நாளே நுரையீரல்ல இறங்கி நிமோனியா, அதை மீட்க பட்ட பாடு இன்னும் மறக்கல, முதல் வியாதிய விட அது பெரிய வியாதி ஆயிடுச்சு. திரவம் குடுத்தே ஆகணும்னா நெஞ்சு தரையில படற மாதிரி நிமிர்த்தி உக்கார வைங்க, தலை நேரா இருக்கட்டும், அண்ணாத்த வைக்காதீங்க, கன்னத்துப் பக்கமா ஒரு மில்லி ஒரு மில்லியா, தொண்டை ஏறி இறங்கறதப் பாத்துட்டு அடுத்தது. இருமினா அத்தோட நிறுத்திடணும்.

குமட்டல் மருந்து ஆரம்பிச்ச பிறகு இப்படிப் பண்ணிப் பாருங்க. இதுவரைக்கும் சிரிஞ்சு வச்சு மல்லுக்கட்டின இடத்துல தட்டு வைக்காதீங்க, வேற இடம், வேற தட்டு. சாப்பாடு லேசா வெதுவெதுப்பா இருக்கட்டும், சூட்டுல வாசனை எழும்பும், அவனுக்கு மூக்குதான் முதல்ல சாப்பிடும். ஒரு ஸ்பூன் போதும், நாளைக்கு அஞ்சாறு தடவை. வச்சுட்டு நீங்க எழுந்து போயிடுங்க, அவன் மேல குனிஞ்சு நின்னு கெஞ்சாதீங்க. கால் மணி நேரத்துல தொடலன்னா ஒரு வார்த்தை பேசாம எடுத்துடுங்க. அவனுக்குப் பிடிச்ச சாப்பாட்டுக்குள்ள மாத்திரைய ஒளிச்சு வைக்கற வேலையும் வேண்டாம், ஒரு தடவை கசந்தா அந்த சாப்பாடும் போச்சு. ஆரம்பத்துல அந்த 600ல மூணுல ஒரு பங்கு உள்ள போனா போதும், பட்டினி கிடந்த உடம்புல ஒரேயடியா ஏத்தக் கூடாது, மூணு நாலு நாள்ல மெதுவா முழு அளவுக்குக் கொண்டு போங்க.

மருந்துக்கு அப்புறமும் ரெண்டு மூணு நாள்ல பாதி அளவு கூட தானா சாப்பிடலன்னா ட்யூப் பத்தி கேளுங்க. கழுத்துப் பக்கமா உணவுக்குழாய்ல வைக்கற ட்யூப். கேட்டதும் எல்லாரும் "ஐயோ"ங்கறாங்க. சின்னதா ஒரு மயக்கம் குடுத்து வைக்கறதுதான், வச்ச பிறகு நாய் அதை மறந்துட்டு வாலாட்டிட்டு இருக்கும், சாப்பாடு, மாத்திரை, தண்ணி எல்லாம் அது வழியா போயிடும், வாயால சாப்பிடணும்னு தோணினா சாப்பிட்டுக்கும். தினம் நாலு தடவை சிரிஞ்சு சண்டைக்கு இது எவ்வளவோ மேல். பிளேட்லெட் 18,000ல இருந்தப்ப இதை யோசிச்சிருக்க முடியாது, 1,42,000ல பேசலாம்.

பாசிட்டிவ் வந்தா மருந்து வேலை செய்யலன்னு அர்த்தமா

இல்ல. நீங்க எடுத்தது சின்ன கிட் டெஸ்ட், அது கிருமியத் தேடறதில்ல, கிருமிக்கு எதிரா உடம்பு தயார் பண்ணின ஆன்டிபாடியத் தேடுது. கிருமி போன பிறகும் ஆன்டிபாடி மாசக்கணக்குல, சில நாய்க்கு வருஷக்கணக்குல கூட இருக்கும். பதினஞ்சாவது நாள்ல அந்த டெஸ்ட் எடுத்தா பாசிட்டிவ் வராம இருந்தாத்தான் ஆச்சரியம். இனிமே அதுக்குக் காசு செலவு பண்ணாதீங்க, சாதா ரத்த டெஸ்ட்தான் பேசும்.

அது என்ன பேசுதுன்னா, 18,000ல இருந்த பிளேட்லெட் 1,42,000க்கு வந்திருக்கு. நாய்க்கு ரெண்டு லட்சத்துக்கு மேல இருந்தா நார்மல். பாதி தூரத்துக்கு மேல தாண்டியாச்சு. ஏத்தின ரத்தத்துல பிசிவி ஏறும், அதை வச்சு ஏமாந்துடக் கூடாது, ஆனா பிளேட்லெட் இப்படி தானா ஏறுதுன்னா ரத்த அணுக்களை உருவாக்கற எலும்பு மஜ்ஜை உயிரோட இருக்கு, வேலை செய்யுது. இந்த வியாதியில நாங்க ரொம்பப் பயப்படறது மஜ்ஜை ஓய்ஞ்சு போய் சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூணும் சேர்ந்து விழறதுக்குத்தான், அந்த நிலையில இருந்து மீட்கறது ரொம்பக் கஷ்டம். மணியோட ரிப்போர்ட்ல வெள்ளையணு நார்மலா இருக்கு. அந்தப் பேப்பரை சொந்தக்காரங்ககிட்ட காட்ட வேண்டாம், நீங்க மட்டும் ஒரு தடவை நல்லா பாத்துக்குங்க.

டாக்ஸிசைக்ளின் 28 நாள். பத்து நாள்ல நல்லாயிட்டான்னும் நிறுத்தக் கூடாது, சாப்பிடலன்னும் நிறுத்தக் கூடாது, வயித்துக்கு ஒத்துக்கலன்னா எப்படிக் குடுக்கறதுன்னு டாக்டர் மாத்திச் சொல்லுவாரு. ப்ரெட்னிசலோனையும் நீங்களா ஒரே நாள்ல நிறுத்திடாதீங்க, அதைப் படிப்படியாத்தான் குறைக்கணும். வயித்துப்புண் இருந்தா அதை என்ன பண்றதுன்னு முடிவெடுக்க வேண்டியது உங்க டாக்டர்.

தண்ணி பாத்திரத்தைத் திரும்ப வைங்க

இன்னைக்கே. ஸ்டீராய்டு ஒண்ணுக்கை அதிகமாக்கும், அதனாலதான் இவ்ளோ போறான், அதை ஈடுகட்டத்தான் இவ்ளோ குடிக்கறான். குடிக்கறதை நிறுத்தினா போறது நிக்கும்னு இல்ல, தண்ணிய நிறுத்தினாலும் கிட்னி வெளிய தள்ளிட்டேதான் இருக்கும், உடம்பு வத்திப் போயிடும். 12 வயசு கிட்னிக்கு, அதுவும் வலி மாத்திரை பாத்த கிட்னிக்கு அது ரொம்பப் பெரிய தண்டனை. ஸ்டீராய்டு டோஸ் காலைல விழற மாதிரி மாத்த முடியுமான்னு கேளுங்க, ராத்திரி தொந்தரவு கொஞ்சம் குறையும். டோஸ் குறையக் குறைய இதுவும் அடங்கிடும். ஒரு தடவை ஒண்ணுக்கு டெஸ்ட்டும் எடுத்துடுங்க, புரோட்டீன் போகுதா, இன்ஃபெக்ஷன் இருக்கான்னு, ஸ்டீராய்டுல இருக்கும்போது இன்ஃபெக்ஷன் சத்தமில்லாம உக்காந்திருக்கும்.

ஈரத்துலயே படுத்திருந்தா தோல் வெந்துடும், அதனால அடியில உறிஞ்சற ஷீட், நனைஞ்சா துடைச்சு காய வைங்க. எழுந்திருக்க முடியாத நேரத்துல ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைங்க, முழங்கை, இடுப்பெலும்பு துருத்தற இடத்துல முடி உதிர்ந்து சிவந்திருந்தா படுக்கைப்புண் ஆரம்பிக்குதுன்னு அர்த்தம்.

கால்

ஒரு சின்ன சோதனை. மணிய அண்ணன் இடுப்புல பிடிச்சு நிறுத்தட்டும், நீங்க பின்னங்கால் பாதத்தை மெதுவா மடக்கி, மேல்பக்கம் தரையில படற மாதிரி வைங்க. உடனே நேரா திருப்பி வச்சானா, நரம்பு ஓரளவு நல்லா இருக்கு. மடங்கினபடியே ரெண்டு மூணு செகண்ட் நின்னான்னா அதை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும், முதுகுத்தண்டு பாக்கணும்.

நேரா வச்சுட்டான்னா பெரும்பாலும் இது பலவீனம்தான். நாலரை கிலோ குறைஞ்சிருக்கான், அது கொழுப்பு மட்டும் இல்ல, தொடைச் சதை. ஸ்டீராய்டும் சதையக் கரைக்கும். ரத்தம் குறைவு. பழைய மூட்டுத் தேய்மானம் வேற இருக்கலாம், இந்த வியாதியே மூட்ட வீங்க வைக்கறதும் உண்டு. எழுந்திருக்கும்போது கத்தறான்னா வலி நிஜம், அதுக்கு நாய்க்குக் குடுக்கக் கூடிய வேற மருந்து, கேபாபென்டின் மாதிரி, உங்க டாக்டர் எழுதுவாரு.

அண்ணனுக்குத் துண்டுன்னு சொன்னேன்ல. நீளத் துண்டை மடிச்சு வயித்துக்கு அடியில, பின்னங்காலுக்கு முன்னாடி விட்டு ரெண்டு முனையையும் மேல பிடிச்சுக்கணும். தூக்கக் கூடாது, விழாம தாங்கினா போதும், எடைய அவனே சுமக்கட்டும். அஞ்சு நிமிஷம், நாளைக்கு நாலு தடவை. தரையில சறுக்காத மேட் போடுங்க, டைல்ஸ்ல ஒரு தடவை விழுந்த நாய் அடுத்த தடவை எழுந்திருக்கவே பயப்படும், பாதி பலவீனம் அந்த பயம். பாதத்துக்கு நடுவுல முடி வளர்ந்திருந்தா வெட்டி விடுங்க. படுத்திருக்கும்போது ஒவ்வொரு காலையும் சைக்கிள் ஓட்டற மாதிரி மெதுவா பத்து பதினஞ்சு தடவை மடக்கி நீட்டுங்க, வலிச்சா அங்கயே நிறுத்துங்க. சதை திரும்ப ஏற மாசக்கணக்குல ஆகும், வாரக்கணக்குல எதிர்பாக்காதீங்க.

ராத்திரி எப்ப ஓடணும், எப்ப தூங்கலாம்

நீங்க ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து அவன் மூச்சு விடறானான்னு பாக்கறீங்க. அதை இப்படி மாத்துங்க. படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை, அவன் நல்லா தூங்கும்போது, நெஞ்சு ஏறி இறங்கறத ஒரு நிமிஷம் எண்ணுங்க. 30க்குக் கீழ இருந்தா நிம்மதியா படுங்க. 40ஐத் தாண்டி அப்படியே இருந்தா போன் பண்ணுங்க. மேல் உதட்டத் தூக்கி ஈறு பாருங்க, விரலால அழுத்தி எடுத்தா வெளுத்து ரெண்டு செகண்டுக்குள்ள ரோஸ் கலர் திரும்பணும். ஈறுலயும் அடிவயித்துலயும் குண்டூசித் தலை அளவுக்கு சிவப்புப் புள்ளி புதுசா வந்தா பிளேட்லெட் திரும்ப விழுதுன்னு சந்தேகப்படணும். காய்ச்சல் 39.4க்கு மேல, ஃபாரன்ஹீட்ல 103, அல்லது மூக்குல திரும்ப ரத்தம், கறுப்பு மலம், ஒரு நாள் முழுக்க தண்ணி குடிக்காதது, இதுக்கெல்லாம் விடியட்டும்னு காத்திருக்க வேண்டாம். மேல சொன்ன எதுவும் இல்லன்னா விடியற வரைக்கும் பொறுக்கலாம்.

வாரம் ஒரு தடவை எடை பாருங்க, நீங்க தூக்கிட்டு மெஷின்ல ஏறி உங்க எடையக் கழிச்சா போதும். ராத்திரிய ரெண்டா பிரிச்சு ஒரு பாதி அண்ணன் பாக்கட்டும். எட்டு பக்கம் எழுதின கை கொஞ்சம் தூங்கணும்.

ஊசி போட்டு தூங்க வைக்கறது

நான் அதுக்கு எதிரி இல்ல. என் கையால எத்தனையோ பண்ணியிருக்கேன், சில நேரம் அதுதான் நாய்க்கு நாம செய்யக்கூடிய கடைசி நல்லது. ஆனா "12 வயசு"ங்கறது காரணம் இல்ல. வயசு வியாதி இல்லம்மா. திரும்பி வர்ற வாய்ப்பு இருக்கா, வர்ற வரைக்கும் அவன் படற கஷ்டத்தைக் குறைக்க முடியுதா, இந்த ரெண்டும்தான் கேள்வி. மணிக்கு ரெண்டுக்கும் இன்னைக்குத் தேதியில பதில் ஆமா.

அதே சமயம் நாளைக்கும் அதே பதில்தான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆலிஸ் வில்லலோபோஸ்னு ஒரு அமெரிக்கக் கால்நடை டாக்டர் ஒரு மதிப்பெண் முறை வச்சிருக்காங்க, வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளை விட நல்ல நாள் அதிகமா இருக்கான்னு ஏழு விஷயம், ஒவ்வொண்ணுக்கும் பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும், மொத்தம் 35க்கு மேல இருந்தா வாழ்க்கை பரவாயில்லாம போகுதுன்னு அர்த்தம். வாரத்துக்கு ரெண்டு நாள், பகல்ல, நீங்களும் அண்ணனும் தனித்தனியா மார்க் போடுங்க. ராத்திரி மூணு மணிக்குப் போடாதீங்க, அந்த நேரத்துல யாருக்குமே பாஸ் மார்க் வராது. நீங்க கடிதத்துல எழுதினத வச்சு நான் போட்டதுல சரியா 35 வந்துச்சு, சாப்பாடு ஒண்ணு சரியானா நாலஞ்சு மார்க் ஏறும். மூணு அணுவும் சேர்ந்து விழுந்தா, ட்யூப் வச்சும் எடை இறங்கிட்டே போனா, வலிய எந்த மருந்துக்கும் அடக்க முடியலன்னா, அப்ப அந்த முடிவ எடுக்கலாம்னு இப்பவே டாக்டரோட உக்காந்து பேசி வச்சுக்குங்க, செலவுக்கு எது வரைக்கும் முடியும்ங்கறதையும் கூச்சப்படாம சொல்லிடுங்க. முடிவு உங்களோடது, கல்யாண வீட்டுல பாத்து கருத்து சொல்றவங்களோடது இல்ல.

அப்புறம் அந்த ரெண்டு மாசம். எர்லிக்கியா, உண்ணி கடிச்ச சில வாரத்துலயும் வரலாம், உள்ள போய் மாசக்கணக்குல, வருஷக்கணக்குல கூட ஒண்ணும் தெரியாம உக்காந்திருந்துட்டு அப்புறமும் கிளம்பலாம். மணிக்கு இது எந்த உண்ணி, எந்த வருஷம் கடிச்சதுன்னு உங்களாலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது. பழியத் தூக்கி வச்சுட்டு வீட்டப் பாருங்க. நாய்மேல ஏறற இந்த பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளயே குடும்பம் நடத்தக் கூடியது, சுவர் விரிசல், கதவு இடுக்கு, படுக்கைக்கு அடியில, ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்குல முட்டை போடும், சாப்பாடு இல்லாம மாசக்கணக்குல காத்திருக்கும். வந்து போன வியாதின்னு எதிர்ப்பு சக்தியும் நிக்காது, திரும்பக் கடிச்சா திரும்ப வரும். மணிக்கு எந்த உண்ணி மருந்து இப்ப ஒத்துக்கும்னு டாக்டர்கிட்ட கேட்டுப் போடுங்க, வீட்டுல பூனையும் இருக்குன்னு எழுதியிருக்கீங்க, பெர்மெத்ரின் கலந்த எதையும் வீட்டுக்குள்ளயே கொண்டு வராதீங்க, பூனைக்கு அது விஷம்.

கடைசி வரியில கேட்டிருந்தீங்க, பழையபடி நான் வண்டிய நிறுத்தற சத்தம் கேட்டு மணி கேட் வரைக்கும் ஓடி வருவானான்னு. ஓடறது சந்தேகம்தான். நடந்து வர வாய்ப்பு நிறையவே இருக்கு. கூடத்துல இருந்து கேட் வரைக்கும் இப்பவே மேட் போட்டு வைங்க, பாதி வழியில அவன் நின்னு மூச்சு வாங்கிக்க ஒரு படுக்கையும்.